கொடுப்பதும் பறிப்பதும்

ஒருவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால், அவனிடம் ஏற்கெனவே இருப்பதைப் பறித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டுமா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். புது வேட்டி தருகிறேன் என்று கூப்பிட்டு, உடுத்தியிருக்கும் பழைய வேட்டியை நடுத்தெருவில் உருவுகிறவனைத் தர்மவான் என்று நாம் யாரும் கொண்டாட மாட்டோம். ஆனால் கல்வியின் பெயரால் அதே காரியம் நடக்கும்போது நாம் பார்த்துக்கொண்டு நிற்பதோடு நின்றுவிடுவதில்லை. விடியற்காலையில் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கி, பணமும் கட்டி, நம் குழந்தைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிட்டும் வருகிறோம்.

ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றத்தை மறுபடியும் கூட்டுவது என் நோக்கமல்ல. வேண்டும் என்று ஊர் முடிவு செய்து வெகு காலமாகிவிட்டது. 1968-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றம் ஏற்றபோது, அந்த வழக்கு ஒருவாறு தீர்ந்தது. என் கேள்வி அதற்கு அடுத்த படியில் நிற்கிறது. வேண்டும் என்று நாமே விரும்பிய ஒரு பாஷையை ஒரு குழந்தைக்குச் சொல்லித் தரும்போது, அது வீட்டிலிருந்து தன் வாயில் கொண்டு வந்திருக்கிற பாஷையை உபாத்தியாயர் என்ன செய்ய வேண்டும்? செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிட்டு வா என்று சொல்லலாமா? இது கற்பிக்கும் முறையைப் பற்றிய விஷயம், நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது தர்மத்தைப் பற்றிய விஷயமாகவே படுகிறது.

மயிலாப்பூர் மாட வீதிகளில் காலை எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். கறிகாய்க் கூடைகளுக்கும் ஆட்டோ ரிக்ஷாக்களுக்கும் நடுவே, முதுகில் தம்மைவிடக் கனமான பைகளைச் சுமந்துகொண்டு குழந்தைகள் போகும். பள்ளிக்கூடத்து வாசல் வரையில் அவை வாய் ஓயாமல் தமிழ் பேசும். வாசலைத் தாண்டியதும் ஒரு மௌனம். சில பள்ளிகளில், வளாகத்துக்குள் தமிழ் பேசினால் தண்டனை உண்டு. சில இடங்களில் அது அபராதம். சில இடங்களில் 'இனிமேல் பேச மாட்டேன்' என்று நூறு முறை எழுத வேண்டும். இந்த விதி எழுதப்பட்டும் இருக்கும், எழுதப்படாமலும் இருக்கும். எந்தப் பள்ளி என்று பெயர் சொல்லிக் காட்டுவது என் நோக்கமல்ல. பெயர் சொன்னால் அது ஒரு பள்ளியின் குற்றமாகிவிடும். உண்மையில் அது நம் எல்லோருடைய ஆசையிலிருந்தும் முளைத்த விதி.

எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சுட்டிப் பெண். ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "மாமா, இன்னிக்கு நான் ஏழு பேரைப் பிடிச்சேன்" என்றாள்.

"யாரை அம்மா பிடித்தாய்?"

"தமிழ் பேசினவங்களை. மிஸ் என்னை லீடர் ஆக்கியிருக்காங்க. யார் யார் தமிழ் பேசறாங்கன்னு நோட்டுல எழுதிக் கொடுக்கணும்."

"நீ பேசினால்?"

அவள் சற்று யோசித்தாள். "நான் யாரும் இல்லாத இடத்துல பேசுவேன்" என்றாள்.

இந்தப் பதில் என்னை வெகு நேரம் தூங்கவிடவில்லை. ஒரு குழந்தை ஆங்கிலம் கற்கப் போயிற்று. ஆங்கிலம் எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பாடங்கள் நன்றாக வந்திருந்தன. ஒன்று, தோழர்களைக் காட்டிக் கொடுப்பது. மற்றொன்று, அம்மாவிடம் கற்ற மொழியை ஒளிந்துகொண்டு பேசுவது. எந்தப் பாடத் திட்டத்திலும் அச்சிடப்படாத பாடங்கள் இவை.

இது நம் ஊரில் பிறந்த தந்திரமும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில், வேல்ஷ் மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அந்தக் குழந்தை, தன்னைப்போல் பேசுகிற இன்னொரு குழந்தையைக் கண்டுபிடித்தால் மரத்துண்டு அதன் கழுத்துக்கு மாறும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. பிரான்ஸ் தேசத்தின் பிரெத்தான் பகுதியில் இதே வேலையைச் செய்ய ஒரு பழைய மரச்செருப்பு பயன்பட்டதுண்டு. கென்யாவின் நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ, 1950-களில் தம் பள்ளிக்கூடத்தில் இதற்காக ஒரு பொத்தான் கைமாறியதை 1986-ல் வெளிவந்த தம் கட்டுரை நூலில் எழுதியிருக்கிறார். தாய்மொழி பேசியவன் கையில் பொத்தான். அவன் அடுத்தவனைப் பிடித்து அதை ஒப்படைக்க வேண்டும். மாலையில் யார் யாரிடமிருந்து வந்தது என்று விசாரித்தால் அன்றைய குற்றவாளிகள் எல்லோரும் அகப்பட்டுவிடுவார்கள். மரத்துண்டு, செருப்பு, பொத்தான், மயிலாப்பூரில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கண்டங்கள் வேறு, நிறங்கள் வேறு, நூற்றாண்டும் வேறு. சூழ்ச்சி ஒன்றேதான். ஒரு மொழியை அழிக்க அதிகாரிகள் போதமாட்டார்கள். குழந்தைகளையே குழந்தைகளுக்கு ஒற்றர்களாக்கினால் காரியம் சுலபமாக முடியும்.

இன்னொரு மொழியைக் கற்க உண்மையில் இந்தக் கொடுமை தேவைதானா என்று பார்ப்போம். அதற்கு நம் நகரத்திலேயே சாட்சியம் இருக்கிறது.

1812-ஆம் ஆண்டு எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் ஒரு கல்லூரி தொடங்கிற்று. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று பெயர். கப்பலிலிருந்து புதிதாக இறங்கும் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு முதலான நம் மொழிகளைச் சொல்லித் தருவதற்காக ஏற்பட்டது அது. பின்னால் அது நுங்கம்பாக்கத்தில் கூவம் கரையில் இருந்த மாளிகைக்கு வந்தது. அதனால்தான் அந்தச் சாலைக்கு இன்றும் காலேஜ் ரோடு என்று பெயர். அங்கே படித்த வெள்ளைக்கார வாலிபன் தமிழில் தேறினால் அவனுடைய படித்தொகை உயர்ந்தது. நன்றாகத் தேறினால் பரிசும் கிடைத்தது. அவன் வகுப்பில் ஆங்கிலம் பேசியதற்காக யாரும் அவனுக்கு அபராதம் போடவில்லை. அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த நம் பண்டிதர்கள், அவனுடைய தாய்மொழியை அவன் மறக்க வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் தமிழ் படித்தான்.

ஜி. யு. போப் 1839-ல் சென்னைக்கு வந்தார். பின்னாளில் ஆங்கிலேயர்கள் தமிழ் கற்பதற்காக அவர் எழுதிய பாட நூல்கள் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழைச் சொல்லிக் கொடுக்கின்றன. 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவருடைய தமிழ்ப் புலமைக்காக அவருக்குக் கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம். அவர் தமிழ் கற்றதனால் ஆங்கிலத்தை இழந்தாரா? ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கற்றதனால் அவருடைய தமிழ் குறைந்ததா?

புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த அதே வளாகத்தில்தான் பின்னாளில் நம் பள்ளிக் கல்வித் துறையின் அலுவலகங்கள் அமைந்தன. தமிழ் கற்க வந்த அந்நியனுக்குப் பரிசு கொடுத்த இடம் அது. அதே நகரத்தில் ஆங்கிலம் கற்க வந்த தமிழ்க் குழந்தை, தமிழ் பேசியதற்காகப் பணம் கட்டுகிறது. ஆளுகிறவன் கற்கும்போது பரிசு, ஆளப்பட்டவன் கற்கும்போது அபராதம். ஆளுகிறவன் 1947-ல் கப்பலேறிப் போய்விட்டான். அபராதப் புத்தகத்தை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

இன்னும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வெள்ளைக்காரர் மேடையேறி, 'வணக்கம், நான் நல்லா இருக்கு' என்று சொன்னால் மண்டபமே அதிரும்படி கைதட்டுகிறோம். நம் குழந்தை ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் சிரிக்கிறோம். இரண்டும் ஒரே செயல்தான். தன்னுடையது அல்லாத ஒரு மொழியின் வாசலில் கூச்சத்தோடு நிற்கிற மனித முயற்சி. ஒன்றுக்கு மாலை, மற்றொன்றுக்குக் கேலி!

ஆங்கிலம் தெரியாமை அறியாமையாகுமா என்ற கேள்விக்கும் நம் ஊரிலேயே விடை உண்டு. ஆங்கிலக் கல்வி பெறாத உ. வே. சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். சுற்றிலும் ஆங்கிலப் பேராசிரியர்கள். ஆனால் அந்தக் கல்லூரியின் வாசலில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருடைய சிலை. அடையாற்றுக்கு வாருங்கள். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே வந்தார். ஆல்காட் தோட்டத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் பேசியது இத்தாலிய மொழியில். மகன் மரியோ அதை அவ்வப்போது ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். உலகத்துக்கே குழந்தைக் கல்வியைப் பற்றிச் சொல்ல வந்தவர், தம் தாய்மொழியில் சிந்தித்துத் தம் தாய்மொழியிலேயே பேசினார். 'ஆங்கிலத்தில் பேசத் தெரியாதவரிடம் நாங்கள் என்ன கற்பது' என்று அடையாற்றில் யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்குக் கொடுத்த இந்தச் சலுகையை ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுக்க ஏன் நமக்கு மனம் வருவதில்லை?

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "பேசினால்தான் பேச்சு வரும். தமிழை அனுமதித்தால் குழந்தைகள் தமிழிலேயே சறுக்கிப் போய்விடும். தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும்" என்பார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மாநிலத்தில் 27,000 ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புதிய பயிற்சி கொடுக்கும் பெரிய திட்டமொன்று நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்து, இப்படியே பெருகும் என்பதனால் அதற்குப் பனிப்பந்து என்று பெயர் சொன்னார்கள். பனியையே பார்த்திராத ஊரில் பனிப்பந்து! நல்ல எண்ணத்தோடு நடந்த காரியந்தான். 1961-ல் உகாண்டாவில் மக்கரேரே என்ற இடத்தில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கில போதனை மாநாடு கூடிற்று. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் மூலமாகவே கற்பிப்பதுதான் சிறந்தது, வேறு மொழி புகுந்தால் தரம் தாழும் என்பவை அந்தக் காலத்து நிபுணர்களின் செல்வாக்கான அபிப்பிராயங்கள். 1992-ல் ராபர்ட் பிலிப்ஸன் என்ற அறிஞர் அவற்றை எடுத்து ஆராய்ந்து, இவை சாஸ்திரம் அல்ல, வெறும் நம்பிக்கைகளே என்று வாதித்தார். இடையில், 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை உருப்போட வைக்காமல், குழந்தைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் புதிர்களை விடுவிக்கச் செய்தார். புத்தி பொருளில் லயித்திருக்கும்போதுதான் மொழி வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: புத்தி பொருளில் லயிக்க வேண்டுமானால் அது பயத்தில் லயித்திருக்கக் கூடாது.

பேசினால்தான் பேச்சு வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆங்கில வகுப்பில் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பேசுவோம் என்று உபாத்தியாயரும் பிள்ளைகளும் உடன்பட்டால் அது நல்ல பயிற்சி. சடுகுடு ஆட்டத்தில் எதிர்க் களத்துக்குப் போனவன் மூச்சை விடாமல் பாட வேண்டும் என்பது விதி. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் தாராளமாக மூச்சு விடலாம். அது ஆட்டத்தின் விதி. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலும், மரத்தடியிலும், சோற்று டப்பாவைத் திறக்கும்போதும் மூச்சு விடக் கூடாது என்றால், அதை ஆட்டத்தின் விதி என்று எப்படிச் சொல்வது?

சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் நாலைந்து பிள்ளைகள் என் வீட்டு மாடிக்கு ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் தாயார் வடக்கு மாட வீதியில் பூ விற்கிறார். அந்தப் பெண் ஒரு நாள் தன் பள்ளி நோட்டைக் கொண்டு வந்தாள். அம்மாவைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். 'மை மதர்' என்று தொடங்கியவள், அடுத்த வாக்கியத்திலிருந்து கடைசி வரையில் அம்மாவை 'தே' என்றே எழுதியிருந்தாள். பத்து இடத்திலும் சிவப்பு மையினால் அடித்து, அடியில் 'கவனமின்மை' என்று எழுதியிருந்தது.

"ஏன் அம்மா 'தே' என்று எழுதினாய்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "'ஷி'ன்னு எழுதினா 'அவ'ன்னு சொல்ற மாதிரி இருக்கு சார். எங்க அம்மாவை நான் 'அவ'ன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

கவனமின்மையா அது? அந்த வகுப்பில் அவளைவிடக் கவனமாக எழுதிய குழந்தை இருந்திருக்க முடியாது. 'அவங்க' என்ற சொல்லில் பன்மையும் மரியாதையும் ஒன்றாக இருக்கின்றன என்ற நம் இலக்கணத்தை அவள் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தாள். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனாள். அங்கே அந்தக் கதவு இல்லை; முட்டிக்கொண்டாள். அவ்வளவுதான்.

நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஆங்கிலேயரிடமும் ஒரு காலத்தில் 'நீ'யும் 'நீங்க'ளும் தனித்தனியாக இருந்தன. 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். போகப் போக எல்லோரையும் மரியாதையாகவே 'யூ' என்று கூப்பிடத் தொடங்கி, 'நீ'யைத் தொலைத்துவிட்டார்கள். ஆகவே இங்கிலீஷில் நாய்க்குட்டியைக்கூட 'நீங்கள்' என்றுதான் அழைக்கிறார்கள். அதே மாதிரி 'ஷி'யில் அவர்களுக்கு மரியாதைக் குறைவு தோன்றுவதில்லை. மகாராணியும் 'ஷி'தான், உன் அம்மாவும் 'ஷி'தான். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தத் தவறு அவளிடம் வரவில்லை. சிவப்பு மை பத்து முறை அடித்தும் போகாத பிழை, அவளுடைய தமிழை மதித்து ஒரு வார்த்தை கேட்டதும் போய்விட்டது. நாமும் நாங்களும் வேறு வேறு என்று அறிந்த நம் குழந்தைக்கு ஆங்கிலத்தின் 'வீ' ஏழையாகத் தெரிவதிலும், வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் தேடுகிறவன் அதை நடுவில் கண்டு திகைப்பதிலும் என்ன அதிசயம்? பிழைகளில் பெரும்பாலானவை மூடத்தனத்தால் வருவதில்லை. ஒரு வீட்டின் ஒழுங்கை இன்னொரு வீட்டிலும் கடைப்பிடிக்கிற விசுவாசத்தால் வருகின்றன.

இன்னொருவன் நொச்சிக்குப்பத்துப் பையன். அவன் பேசுகிற தமிழைப் 'பாடப் புத்தகத் தமிழ் அல்ல' என்று தமிழ் வகுப்பிலும் திருத்துகிறார்கள். ஆங்கில வகுப்பிலோ கேட்கவே வேண்டாம். இரண்டு மொழியிலும் அவன் குற்றவாளி. ஒரு நாள் அகராதியைப் புரட்டி, 'கேட்டமரான்' என்ற சொல்லைக் காட்டினேன். ஆங்கிலேயர்களுக்கு 17-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த சொல். கட்டுமரம் என்பதைத்தான் அப்படி எழுதிக்கொண்டார்கள். "இது எங்க தாத்தா போனது சார்!" என்று எழுந்து நின்றுவிட்டான். பாடத்தில் 'விண்ட்' என்று ஒரே சொல் வந்தபோது, வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று அவன் எங்களுக்குச் சொன்னான். அன்றைக்கு அவன்தான் உபாத்தியாயர். தன்னிடமிருந்தும் ஆங்கிலம் கடன் வாங்கியிருக்கிறது என்று அறிந்த பையன், ஆங்கிலத்திடம் கடன் வாங்கக் கூசவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். அந்தப் பூக்கார அம்மாள் என்னிடம் முதன் முதலில் மகளை அழைத்து வந்தபோது சொன்னார்: "தமிழ் வீட்லயே தன்னால வருது சார். இங்கிலீஷுக்குத்தான் எங்களுக்கு வழி இல்ல. அதை நீங்க கொடுத்தாப் போதும்." பிறகு ஒரு சமயம், கோயில் குளத்துக்குப் பக்கத்தில் தாய்மொழியின் பெருமையைப் பற்றி ஒருவர் வெகு நேரம் பேசினார். நல்ல பேச்சு. பூக்கார அம்மாளும் தொடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மறுநாள் என்னிடம், "பேசினாரே அந்த ஐயா, அவர் புள்ளைங்க எந்த ஸ்கூல்ல சார் படிச்சாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள அவசியமில்லை என்பது போல் அவர் சிரித்தார்.

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் தாய்மொழியைப் பற்றி யாரும் பேச முடியாது. ஆங்கிலத்தால் கிடைத்த உத்தியோகத்தையும் வீட்டையும் அனுபவித்துக்கொண்டு, ஏழைக் குழந்தையிடம் 'உன் தாய்மொழி தேன்; அதுவே உனக்குப் போதும்' என்று சொல்வது மரியாதை அல்ல. அதுவும் ஒரு பறிப்புத்தான். அபராதம் போடுகிறவர் குழந்தையின் தமிழைக் குப்பை என்று நினைக்கிறார். ஆங்கிலத்தை மறுக்கிறவர் குழந்தையைப் பொருட்காட்சி சாலையில் வைக்க வேண்டிய பொம்மை என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கையின்மை இருக்கிறது: ஒரு குழந்தையின் மனத்தில் இரண்டு மொழிகளுக்கு இடம் இராது என்பது.

தியாகராய நகருக்குப் போனால் இந்த நம்பிக்கையின்மை எவ்வளவு வீண் என்று தெரியும். ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நிற்கும் பையன் தென் மாவட்டத்திலிருந்து வந்தவனாக இருப்பான். அதிகம் படித்திருக்க மாட்டான். நெல்லூரிலிருந்து வந்த குடும்பத்திடம் தெலுங்கில் விலை சொல்வான். அடுத்த நிமிஷம் இந்தியில் சமாதானம் சொல்வான். நடுவே தோழனிடம் தன் ஊர்த் தமிழில் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிப்பான். எந்த மொழிக்கும் அவன் அபராதம் கட்டிக் கற்கவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இந்தி பிரசார சபை இருக்கிறது. காந்தியடிகளின் முயற்சியால் 1918-ல் ஏற்பட்டது. 1938-லும் 1965-லும் இந்தியைத் திணிப்பதை எதிர்த்து இந்த மாநிலமே கொதித்தெழுந்தது, உயிர்களும் போயின. அதே நகரத்தில், அந்தச் சபையின் பரீட்சைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் தாமாக எழுதிக்கொண்டும் இருந்தார்கள். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. தானாக நீட்டுகிற கைக்கும் முறுக்கப்படுகிற கைக்கும் உள்ள வித்தியாசந்தான். முறுக்கியது யார் என்பது முக்கியமல்ல. டில்லி முறுக்கினாலும் வலிக்கும். வகுப்பறை முறுக்கினாலும் வலிக்கும்.

இந்த நியாயத்தில் நமக்கு உண்மையான பற்று இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, காலம் நமக்கே ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. இன்றைய சென்னையில் மாடி மாடியாக எழும் கட்டடங்களிலும், பூமிக்கு அடியில் தோண்டும் ரயில் பாதைகளிலும் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. அந்தக் குழந்தைகள் சில நம் மாநகராட்சிப் பள்ளிகளில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெற மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. போஜ்புரி பேசும் ஒரே குழந்தைக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாமல் போகலாம். அது இயலாமை; மன்னிக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை வாயைத் திறந்தவுடன் வகுப்பு சிரிக்கிறதே, அதை இயலாமை என்று சொல்ல முடியுமா? அங்கே நாம்தான் துரை. நம் மொழிதான் ஆளுகிற மொழி. நமக்கு இழைக்கப்பட்டபோது அநியாயமாக இருந்தது, நாம் இழைக்கும்போது நியாயமாகிவிடாது.

ஒரு குழந்தையின் தாய்மொழியை மதிப்பது என்றால் அந்த மொழியை நாம் கற்றிருக்க வேண்டும் என்பதல்ல. மேடை போட்டு அதைப் புகழ வேண்டும் என்பதும் அல்ல. அது அந்தக் குழந்தையின் குறை அல்ல, கைமுதல் என்று ஒப்புக்கொண்டால் போதும். பிழையை அடிப்பதற்கு முன் 'ஏன் இப்படி எழுதினாய்' என்று கேட்டால் போதும். உபாத்தியாயர் ஆங்கிலச் சொல்லையோ தமிழ்ச் சொல்லையோ பலகையில் எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையிடம் திரும்பி, "உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கட்டும். அது சொல்லும் சொல்லையும் பலகையில் பக்கத்திலேயே எழுதட்டும். சுண்ணாம்புக் கட்டி அதிகமாகச் செலவாகிவிடாது.